ஆறாம் வார்த்தைக்கு முன்னால்

எங்கள் கோயிலில் கடிகாரம் கிடையாது. அப்பாவிடம் மட்டும் ஒரு பாக்கெட் கடிகாரம் இருந்தது. பிரசங்கம் தொடங்கும் முன் அதைத் திறந்து மேசைமேல் வைப்பார். முகம் அவர் பக்கமும் முதுகு எங்கள் பக்கமும் இருக்கும். ஆராதனையில் எவ்வளவு போயிருக்கிறது, இன்னும் எவ்வளவு மீதி என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அப்பா யோபு, திருத்தங்கலுக்கும் ஆமத்தூருக்கும் நடுவிலிருந்த எங்கள் சிறிய ஊருக்கு உபதேசியார். பாதிரியார் மாதம் ஒரு தடவை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபமும் பிரசங்கமும் அப்பாதான். அம்மா ஜெபராணி மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். அக்கா இன்பத்துக்கு அப்போது பதினெட்டு வயது, எனக்கு ஒன்பது. என் பெயர் ஞானதீபம். வீட்டில் தீபம் என்பார்கள்.

ஞாயிறு ஆராதனை ஒன்றரை மணி நேரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு அப்படி இருந்திருக்கலாம். முன்னால் வெறும் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டிருந்த எங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தியதே இல்லை. முதல் பாட்டு சட்டென்று போய்விடும். பாவ அறிக்கைக்கு முழங்கால் போட்டால் முட்டி வலிக்கிற வரைக்கும் ஒரு நேரம், வலித்த பிறகு இன்னொரு நேரம். அறிவிப்பு வாசிக்கும்போது கொஞ்சம் உயிர் வரும். பிரசங்கம் தொடங்கியதும் எல்லாம் நின்றுவிடும். கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். அதன் வெளிச்சம் தரையில் விழுந்து நகர்வதை நான் கண் எடுக்காமல் பார்ப்பேன். பார்த்துக்கொண்டிருந்தால் நகராது. வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு விரல் தள்ளியிருக்கும்.

அப்பா “கடைசியாக” என்று ஒரு வார்த்தை சொல்வார். அதைக் கேட்டதும் பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம். ஆனால் அவருடைய பிரசங்கத்தில் மூன்று “கடைசியாக” வரும். இது எனக்கு ஏழு வயதில் பிடிபட்டது. அதற்கு முன் எத்தனையோ ஞாயிறுகளில் முதல் “கடைசியாக”வை நம்பி ஏமாந்திருக்கிறேன்.

அந்த நேரத்தை எனக்குத் தள்ளிக்கொடுத்தவள் அக்காதான். நான் பிள்ளைகளின் கடைசி வரிசை. எனக்கு நேர் பின்னால், பெண்களின் முதல் பாயில் அக்கா. அவளுக்குப் பக்கத்தில் அம்மா. பிரசங்கம் தொடங்கியதும் அக்காவின் விரல் என் முதுகில் எழுத ஆரம்பிக்கும். ஒவ்வொரு எழுத்தாக எழுதுவாள். எனக்குப் புரிந்தால் தலையை லேசாக ஆட்ட வேண்டும். பு, ளி, ய, ங், கா. சிரிப்பை அடக்கிக்கொள்வேன். முன்வரிசைக் கிழவர் தூங்கி விழுந்தால் அவர் பெயரை எழுதுவாள். அப்படி நாலு சொல் கண்டுபிடிப்பதற்குள் மூன்றாவது “கடைசியாக” வந்துவிடும். அக்காவுக்குக் காய்ச்சல் என்று அவள் வராத ஞாயிற்றில்தான் ஆராதனை உண்மையில் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா அதைப் படித்து, நாலாக மடித்து, தன் வேதப்புத்தகத்துக்குள் வைத்து மூடினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. ஏனென்றால் அதற்கு முந்தின மாதமே மல்லாங்கிணற்றுப் பள்ளிக்கூடத்தின் தலைமை வாத்தியார் ராஜசிங்குக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ராஜசிங் வாத்தியாருக்கு நாற்பத்தொரு வயது. மனைவி இறந்து இரண்டு வருஷம், மூன்று பிள்ளைகள். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் என்னிடம் பெருக்கல் வாய்ப்பாடு கேட்பார், சரியாகச் சொன்னால் பையிலிருந்து ஒரு பென்சில் எடுத்துக் கொடுப்பார்.

ஈஸ்டர் ஞாயிறு முதல் மூன்று வாரம் கோயிலில் விவாக அறிவிப்பு வாசிப்பது, நாலாவது வாரம் கல்யாணம் என்று முடிவானது. அக்கா அழவில்லை. எனக்கு இருந்த ஒரே கவலை வேறு.

“நீ மல்லாங்கிணறு போயிட்டா ஞாயித்துக்கிழம என் முதுகுல யாருக்கா எழுதுவா?” என்று கேட்டேன்.

“நான் எங்க போகப் போறேன்? சும்மா இருட்டி” என்றாள்.

பெரிய வெள்ளி வந்தது. அன்றைக்கு ஆராதனை பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம், ஏழு ஜெபம், ஏழு பாட்டு. பெரியவர்கள் உபவாசம். பிள்ளைகளும் முடிந்தவரை இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தண்ணீர்கூடக் கிடையாது. தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்த பெண்களெல்லாம் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார்கள். சித்திரை பிறக்கவில்லை, அதற்குள் ஓடு கொதித்தது. ஒன்று, நாலு, ஏழாம் வார்த்தைகள் அப்பாவுக்கு. மற்றவற்றுக்கு வெளியூர் ஆட்கள். மூன்றாம் வார்த்தைக்கு ராஜசிங் வாத்தியார்.

முதல் இரண்டு வார்த்தை வரைக்கும் அக்காவின் விரல் என் முதுகில் இருந்தது. ஆனால் அன்று ஒழுங்காக எழுதவில்லை. ஒரு எழுத்தைத் தொடங்கி நிறுத்திவிடுவாள். நான் தலையை ஆட்டாமல் காத்திருப்பேன். மறுபடி முதலிலிருந்து எழுதுவாள்.

ராஜசிங் வாத்தியார் எழுந்து பேசத் தொடங்கினார். நிதானமான ஆள், ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சொல்வார். பள்ளிக்கூடப் பழக்கம். அக்கா குனிந்து என் காதருகே வந்தாள்.

“ஏட்டி தீபம், எனக்குத் தல சுத்துது. வெளிய போயி முகத்தக் கழுவிட்டுக் கொஞ்சம் படுத்துட்டு வாறேன். யாரும் கேட்டா கிணத்தடிக்குப் போயிருக்கான்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத.”

“எப்ப வருவ?”

“ஆறாம் வார்த்தைக்கு முன்னால உன் பின்னால வந்து உக்காந்துருவேன்.”

“சத்தியமா?”

“கோயில்ல வச்சு சத்தியம் பண்ணக் கூடாது. வாறேன்னா வருவேன்ட்டி.”

என் தோளை ஒரு தடவை அழுத்தினாள். பெண்கள் பக்கத்து வாசல் எங்களுக்கு ரொம்பக் கிட்ட. அவள் போனதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிற மாதிரி இருந்தாள்.

ராஜசிங் வாத்தியார் முக்கால் மணி நேரம் பேசியிருப்பார் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அதைச் சொல்லத் தெரியாது. முதுகில் ஒன்றும் நடக்காமல், நாக்கு உலர்ந்து, நான் கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. இது மூன்று. இன்னும் நாலு, ஐந்து. பிறகு அக்கா.

நாலாம் வார்த்தைப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது பின் பாயிலிருந்து பாக்கியத்தம்மாள் அத்தை என் பக்கம் குனிந்தாள். ஜெபக்கூட்டம் ஒன்று விடாமல் வருகிறவள்.

“இன்பத்த எங்கட்டி காணும்?”

“கிணத்தடிக்குப் போயிருக்கா அத்தை.”

“உபவாச நாள்ல தண்ணியா? உபதேசியார் மகளே இப்படின்னா…”

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் வார்த்தை, தாகத்தைப் பற்றியது. சிவகாசி அச்சாபீசில் வேலை பார்க்கும் இன்பராஜ் அண்ணன் பேசினார். பத்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார். மற்ற நாளாக இருந்தால் அவரைக் கும்பிட்டிருப்பேன். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் பேசினால் என்ன? அக்கா வரவில்லையே!

ஆறாம் வார்த்தைக்குப் பாட்டு எடுத்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் அக்காவின் முழங்கால் இல்லை. நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். வெயில்தான் இருந்தது.

“முன்னால பாரு” என்றாள் அம்மா.

‘அக்கா எங்கே?’ என்று அவள் கேட்கவே இல்லை. அது எனக்கு அப்போது தோன்றியது. தோன்றி, ஒரு இடத்தில் நிற்காமல் போய்விட்டது. நான் வேறு காரியத்தில் இருந்தேன். பிறந்ததிலிருந்து ஆராதனை முடியட்டும், முடியட்டும் என்று தவமிருந்தவள், அன்று முதல் தடவையாக முடியக் கூடாது என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஏழாம் வார்த்தைக்கு அப்பா எழுந்தார். மூன்று “கடைசியாக”வும் சொல்லுங்கள் அப்பா, நாலு சொல்லுங்கள் என்று வேண்டினேன். அவர் களைத்திருந்தார். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு முடித்துவிட்டார். பிறகு முப்பத்துமூன்று மணி அடித்தார்கள். ஆண்டவரின் வயதுக்கு ஒவ்வொன்று. நான் எண்ணினேன். இருபது வரைக்கும் எனக்கு நம்பிக்கை இருந்தது.

கோயில் வாசலில் அப்பா கேட்டார், “இன்பம் எங்க?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாக்கியத்தம்மாள் அத்தைதான் முந்திக்கொண்டாள். “கிணத்தடிக்குப் போயிருக்கான்னு தீபம் சொன்னா. அது நாலாம் வார்த்தையில. இம்புட்டு நேரமாவா?”

“எப்பட்டி போனா?” என்று அப்பா என்னிடம் கேட்டார்.

“வாத்தியார் பேசும்போதுப்பா.”

கோயிலுக்குப் பின்னால் சங்கிலிமுத்துவின் தோட்டக் கிணறு. சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. முதலில் ஓடியவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். சுவரின்மேல் எங்கள் வீட்டுச் செம்பு இருந்தது. அப்பா பெயர் வெட்டிய செம்பு. பக்கத்தில் ஆள் இல்லை.

யாரோ ஒரு பெண் ஓலமிட்டாள். அதன் பிறகு நடந்தது எல்லாம் ஒரே சத்தம். சங்கிலிமுத்து எங்கள் சபைக்காரர் இல்லை. தோட்டத்தின் மறுகோடியில் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அப்படியே குதித்தார். இன்பராஜ் அண்ணன் கிணற்றடியைத் துழாவும் பாதாளக்கரண்டி எடுக்க ஓடினார். ராஜசிங் வாத்தியார் சட்டையைக் கழற்றி மடித்துச் சுவரில் வைத்தார். கைக்கடிகாரத்தை அவிழ்த்துச் சட்டையின்மேல் வைத்தார். பிறகு படிக்கல்லைப் பிடித்து இறங்கினார். அந்த வயதில், அவ்வளவு ஆழமான கிணற்றில்.

அப்பா சுவரைப் பிடித்துக் குனிந்து, “இன்பம்! ஏ இன்பம்!” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். கிணறு அதைத் திருப்பிச் சொன்னது. மூச்சு வாங்க மேலே வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முங்கினார்கள்.

“சேறு சாஸ்திங்க. அடியில கை எட்டல” என்றார் சங்கிலிமுத்து.

“நான்தான் புள்ளையக் கொன்னேன். வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பாளே, நான் கேக்கலையே” என்று அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். மேசைக்குப் பின்னால் நின்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிற அப்பா. அவர் வாய் கோணி அழுததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆனால் கொன்றது நான் என்று எனக்குத் தெரியும். தலை சுற்றுகிறது என்று என்னிடம்தான் சொன்னாள். தலை சுற்றுகிறவளைத் தனியாகக் கிணற்றடிக்கு அனுப்பியவள் நான். அத்தை கேட்டபோதாவது கூடப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். வேற ஒண்ணும் சொல்லாத என்றதால் சொல்லவில்லை. ஆறாம் வார்த்தை வரை நான் உட்கார்ந்து வெளிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் அவள் அந்தத் தண்ணீருக்குள் இருந்திருக்கிறாள். நான் கத்தினேன். வெறும் வயிற்றிலிருந்து பித்தமாக வாந்தி வந்தது. மறுபடி கத்தினேன்.

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் மடியில் போட்டுக்கொண்டாள். என் தலையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். அழாதே என்று அவள் சொல்லவில்லை. அவளுடைய இதயம் அடிப்பது என் காதில் கேட்டது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து கிணற்றடிக்குப் போனாள். அவள் கிணற்றுக்குள் பார்க்கவில்லை. ராஜசிங் வாத்தியாரின் சட்டைமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போனது. மறுபடி எழுந்து போய்ப் பார்த்தாள். மூன்றாவது தடவை பார்த்ததும் என்னை இறக்கிவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“மேல ஏறி வாங்க” என்றாள், கிணற்றைப் பார்த்து. “அவ உள்ள இல்ல.”

அப்பா தரையிலிருந்து எழுந்தார்.

“என்ன சொல்லுத?” என்றார் அப்பா.

“இன்பம் மதுரைக்குப் போயிட்டா. நர்ஸ் படிப்புக்கு. ரயில் நாலே முக்காலுக்கு விருதுநகர விட்டுக் கெளம்பியிருக்கும். இப்ப மணி அஞ்சேகால். இனி சைக்கிள எடுத்தும் புண்ணியமில்ல.”

கிணற்றிலிருந்து ஏறி வந்த சங்கிலிமுத்துவின் கண் சிவந்திருந்தது. “ஏன் டீச்சரம்மா, ரெண்டு மணி நேரமா இங்கன முங்கிச் சாவுறோம். இத மூணு மணிக்குச் சொல்லப்படாதா?” என்றார். அம்மா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ராஜசிங் வாத்தியார் கடைசியாக ஏறினார். இரண்டு முழங்காலிலும் ரத்தம். விஷயத்தை யாரோ சொன்னார்கள். அவர் வேட்டியைப் பிழிந்தார், சட்டையை ஈரத்தோடு போட்டுக்கொண்டார், கடிகாரத்தைக் கட்டினார்.

“உசுரோட இருக்கால்ல, அது போதும் உபதேசியாரே” என்றார் அப்பாவிடம். அம்மா பக்கம் திரும்பினார். “என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. நானே வேண்டாம்னு ஒதுங்கியிருப்பேனே.” பஸ் ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டார். அதன் பிறகு அவர் எங்கள் ஊருக்கு வரவில்லை.

அப்பா என் முன்னால் வந்து குந்தினார். “உனக்குத் தெரியுமாட்டி?”

“தெரியாதுப்பா. தல சுத்துதுன்னுதான் சொன்னா. ஆறாம் வார்த்தைக்கு வாறேன்னா.”

அக்கா சாகவில்லை என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். மடியில் போட்டு இறுக்கிப் பிடித்திருந்தாளே, அவ்வளவு நேரமும் அவளுக்குத் தெரியும். என் காதில் இரண்டே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஊர் என்னை நம்பவில்லை. விஷயம் தெரியாமலா கிணற்றடி என்று அவ்வளவு சரியாகச் சொன்னாள், அழுததெல்லாம் நடிப்பு என்றார்கள். பெரிய வெள்ளிக்கிழமையில் கோயிலுக்குள் உட்கார்ந்து பொய் சொன்ன பிள்ளை என்று பாக்கியத்தம்மாள் அத்தை சொன்னது ஞாயிறு பள்ளி வரைக்கும் வந்தது. அந்த வருஷம் மனப்பாட வசனத்துக்கு எனக்கு வர வேண்டிய பரிசை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ‘அவளுக்கு ஒன்றும் தெரியாது, செய்தது நான்தான்’ என்று அம்மா சொல்வாள் என்று காத்திருந்தேன். அம்மா கை தட்டினாள்.

அப்பா இரண்டு வருஷம் அம்மாவோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அக்காவின் கடிதங்கள் வந்தால் உடைக்க மாட்டார். மூன்றாவது வருஷம் வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு போட்டோ வந்தது. அதைக் கொஞ்ச நாள் அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தார், பிறகு சிவகாசிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டுவந்து சுவரில் மாட்டினார். கொஞ்ச காலத்தில், வீட்டுக்கு வருகிறவர்களிடம், “மூத்தவ நர்ஸ்” என்று அவரே காட்டத் தொடங்கிவிட்டார். எல்லாரும் எல்லாரையும் மன்னித்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, சொல்லவுமில்லை.

கோயிலில் எனக்கு நேரம் போகாத தொல்லை அதோடு தீர்ந்துவிட்டது. நான் பின்னால் நகர்ந்து, வாசல் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். யார் வெளியே போகிறார்கள், யார் திரும்பி வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பிரசங்கம் முடிவதே தெரியாது.

அறுபத்தைந்து கிறிஸ்துமஸுக்கு அக்கா ஏழு நாள் லீவில் வந்தாள். இடையில் வந்துபோனதெல்லாம் ஒரு நாள், அரை நாள்தான். இப்போது அவள் வார்டு முழுவதையும் பார்த்துக்கொள்கிற ஸ்டாஃப் நர்ஸ். கோயிலில் பழைய இடத்தில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். முடிந்து வரும்போது நாங்கள் இருவர் மட்டும் பின்தங்கி நடந்தோம். நான் கேட்டேன்.

“அன்னைக்கு என் முதுகுல என்னக்கா எழுதுன? ரெண்டாம் வார்த்தையில. திரும்பத் திரும்ப ஒரே எழுத்தா எழுதுனியே.”

“முதுகுலயா?” அக்கா யோசித்தாள். “நான் எழுதுவனா?”

“ஞாயித்துக்கிழம தோறும் எழுதுவியே.”

“அப்படியாட்டி? எனக்கு அந்த நாளே சரியா ஞாபகமில்ல. பஸ்ஸு வருமா வராதாங்கிற பயத்துல வேற ஒண்ணும் தலையில ஏறல.” பிறகு சிரித்தாள். “நீ பாவம், அழுது ஊரக் கூட்டிட்டியாமே? அம்மா எழுதியிருந்தா. நீ சின்னப் புள்ள, உனக்கு இதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கு?”

“கிணத்தடின்னு சொல்லச் சொன்னது யாரு?”

“அம்மாதான். நான் ஆஸ்பத்திரி, பஸ்ஸு, ரயிலு, இது மட்டும்தான் பார்த்தேன். மிச்சமெல்லாம் அம்மா.”

அக்கா ஊருக்குப் போன மறுநாள் அம்மா புறவாசலில் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இருவரும் வேலை பார்த்தோம்.

“செம்ப கிணத்துச் சுவர் மேல யாரும்மா வச்சது?”

அம்மா நிமிரவில்லை. “நான்தான். கோயிலுக்கு வரும் முன்ன.”

“என்கிட்ட நெசத்தச் சொல்லியிருக்கலாம்மா. நான் யார்ட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்.”

“சொல்லியிருக்க மாட்ட. எனக்குத் தெரியும்.”

“பெறகு?”

“நீ அப்படி அழுதிருக்க மாட்டீல்ல.” ஒரு கொட்டையை எடுத்துக் கூடையில் போட்டாள். “எனக்கு அழுது நடிக்க வராதுட்டி. உங்கப்பாவுக்கு மூணு மணிக்குத் தெரிஞ்சிருந்தா நாலு மணிக்கு ஸ்டேஷன்ல நிப்பாக, அவ முடியப் பிடிச்சுக் கூட்டியாந்துருப்பாக. உன்னப் பார்த்துத்தான் அவுக கிணத்த விட்டு அசையல. எனக்கும் அவுகளுக்கும் பதினேழு வயசு வித்தியாசம். எனக்கு ஆனது அவளுக்கு ஆகப்படாதுன்னு நெனச்சேன். அதுக்கு எனக்கு வேற வழி தெரியல.”

அக்கா போனது சரி. அன்றும் அதைத்தான் நினைத்தேன், இன்றும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

“நான் அக்காவக் கொன்னுட்டேன்னு நெனச்சேம்மா” என்றேன்.

அம்மாவின் கை நின்றது. என்னை நேராகப் பார்த்தாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது இது:

“ரெண்டு மணி நேரம்தானட்டி.”

நான் கையிலிருந்த புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனேன்.

மறு வருஷம் ஜூனில் ஆசிரியர் பயிற்சிக்கு எனக்குப் பாளையங்கோட்டையில் இடம் கிடைத்தது. இந்த முறை கடிதத்தை அப்பாவே உரக்கப் படித்துக் காட்டினார். பஸ் ஏற்றிவிட இருவரும் வந்தார்கள். அப்பா டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துச் சுமந்துவந்தார், வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. பஸ் வரும் வரைக்கும் பெட்டிமேல் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம்.

“அன்னைக்கு நாம ரெண்டு பேருந்தான் நெசமா அழுதோம்” என்றார் திடீரென்று, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. எட்டு வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அது ஒரு தடவைதான்.

“ஆமாப்பா” என்றேன்.

அம்மா முறுக்குப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். “போய்ச் சேந்ததும் எழுதுட்டி” என்றாள். சரி என்றேன்.

வாரம் ஒரு இன்லண்டு லெட்டர் எழுதினேன். ‘அன்புள்ள அப்பாவுக்கு’ என்று தொடங்கி, சாப்பாடு, பாடம், கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதுவேன். அம்மாவிடமிருந்து தனியாகக் கடிதம் வரும். எனக்கு ஏன் ஒரு வரிகூடப் போடவில்லை என்று நாலாவது கடிதத்தில் கேட்டிருந்தாள். அடுத்த ஞாயிறு அப்பாவுக்கு எழுதியதன் அடியில், அம்மாவுக்குத் தனியாக எழுத நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன்.

ஹாஸ்டலில் ஞாயிறு மத்தியானம் முழுவதும் வீட்டுக்குக் கடிதம் எழுதத்தான் விட்டிருந்தார்கள்.